சொல்லுக்குச் சான்று தேடிய ஆசிரியர்

கர்நாடகத்தில் கல்லூரி விரிவுரையாளரை 'உபன்யாசகர்' என்று அழைக்கிறார்கள். தமிழ் அன்பர் ஒருவர் இதைக் கேட்டால், அவர் கோவிலில் இராமாயணம் சொல்பவர் என்றே எண்ணுவார். 'உபன்யாஸ' என்ற அதே சொல் வங்கமொழியிலும் ஹிந்தியிலும் நாவலைக் குறிக்கிறது. சொல் ஒன்று; பொருளோ வழங்கும் இடத்திற்கேற்ப வேறுபடுகிறது. மொழிபெயர்ப்புப் பணியில் இத்தகைய சொற்கள் என்னைத் தயங்கி நிற்க வைக்கும்போதெல்லாம், பெங்களூரில் வாழ்ந்த கன்னடப் பேராசிரியர் ஜி. வேங்கடசுப்பையாவை நினைத்துக்கொள்வேன்.

1913-இல் பிறந்த அவர், மைசூர் மகாராஜா கல்லூரியில் டி.எஸ். வெங்கண்ணையாவிடம் பம்ப பாரதத்தையும், டி.எல். நரசிம்மாசாரிடம் பதிப்புக் கலையையும் கற்றார். மண்டியாவிலும் தாவணகெரெயிலும் பள்ளிகளில் கற்பித்துவிட்டுப் பெங்களூர் வந்தவர், விஜயா கல்லூரியில் பல்லாண்டுகள் கன்னட இலக்கியம் போதித்தார். அங்கே முதல்வர் பொறுப்பும் வகித்து 1973-இல் ஓய்வு பெற்றார்.

கன்னட இலக்கியம் கற்பிப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 10-ஆம் நூற்றாண்டுக் கவியான பம்பனின் மொழி இன்றைய மாணவனுக்கு எளிதில் புரியாது. பழங்கன்னடத்தில் நம்மைப் போலவே 'பால்' என்றார்கள். பிற்காலத்தில் அது 'ஹாலு' ஆயிற்று. 'பத்து' என்பது 'ஹத்து' ஆயிற்று. ஒலி மாறியதை எளிதில் கண்டுகொள்ளலாம். பொருள் மாறியதைக் கண்டுகொள்வது கடினம். 1894-இல் வெளிவந்த கிட்டலின் பேரகராதி அரியதொரு சாதனைதான். எனினும் அது பொருள் கூறுவது ஆங்கிலத்தில். கன்னட மாணவன் தன் தாய்மொழிச் சொல்லை அயல்மொழி வழியே அறிய வேண்டியிருந்தது!

சொல்லின் பொருளை எவ்வாறு அறிகிறோம் என்ற கேள்வியை நம் தத்துவ நூல்கள் நுணுக்கமாக ஆராய்ந்துள்ளன. இலக்கணம், அகராதி, நம்பத்தக்கவரின் வாக்கு முதலிய வழிகளுடன் 'விருத்த வியவஹாரம்', அதாவது பெரியோரின் வழக்கு, என்பதையும் அவை கூறுகின்றன. பெரியவர் ஒருவர் 'பசுவைக் கொண்டு வா' என்கிறார். இன்னொருவர் கொண்டு வருகிறார். அருகிலிருக்கும் குழந்தை அதைக் கண்டு பொருளை உணர்கிறது. இதுவே மீமாம்சகர் காட்டும் உதாரணம். குழந்தைக்குக் கண்ணெதிரே பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெரியோரின் வழக்கை அறிய நாம் எங்கே செல்வது?

கன்னட சாகித்ய பரிஷத்தின் கன்னட–கன்னட நிகண்டு இக்கேள்விக்கு விடையளிக்கிறது. கல்வெட்டுகளிலிருந்தும் இலக்கியங்களிலிருந்தும் மேற்கோள் காட்டி அது பொருள் கூறுகிறது. சான்று இல்லாமல் பொருள் எழுத அங்கே இடமில்லை. அந்தப் பெரும்பணியின் முதன்மை ஆசிரியராக வேங்கடசுப்பையா உழைத்தார். 1970-இல் முதல் தொகுதி வெளிவந்தது. 8-ஆம் தொகுதி 1995-இல். மொத்தம் ஏறத்தாழ 9,000 பக்கங்கள். ஓய்வூதியத்துடன் அமைதியாக இருந்திருக்கலாம். வகுப்பறையில் ஒரு சொல்லை விளக்கினால் மாணவனின் முகம் மலர்வதை அப்போதே காணலாம். அகராதிப் பணியில் அந்த மகிழ்ச்சியும் இல்லை. பலன் கருதாத கர்மம் பற்றிப் பேசும்போது போர்க்களத்தையே உதாரணம் காட்டிப் பழகிவிட்டோம். குறிப்புச் சீட்டுகளின் முன் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்பதும் அதற்குப் பொருந்தாதா என்ன?

சொற்காட்டில் சிக்கி வழி தவறக் கூடாது என்று வேதாந்த ஆசாரியர்கள் எச்சரிப்பதைச் சிலர் இங்கே நினைவுகூரலாம். ஆனால் பாஷ்யம் எழுதியபோது அவர்களே ஒவ்வொரு சொல்லையும் எவ்வளவு கவனமாக நிறுத்துப் பார்த்தார்கள்!

1991-இல், தமது 78-ஆம் வயதில், 'பிரஜாவாணி' நாளிதழில் 'இகோ கன்னட' என்ற பகுதியை அவர் தொடங்கினார். 'இதோ கன்னடம்' என்பது அதன் பொருள். ஒரு சொல் எங்கிருந்து வந்தது, எப்படி வழங்க வேண்டும் என்று வாசகர்கள் கேட்பார்கள்; அவர் பதில் எழுதுவார். பத்தாண்டுகளுக்கும் மேலாக இது நடந்தது. அவரது வகுப்பில் ஒருநாளும் அமராத பலர் இவ்வாறு அவரிடம் பாடம் கேட்டனர். 2011-இல் பெங்களூரில் நடந்த அகில பாரத கன்னட சாகித்ய சம்மேளனத்திற்குத் தலைமை வகித்தபோது அவருக்கு வயது 97. கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று 48 ஆண்டுகளுக்குப் பிறகு, 2021 ஏப்ரல் 19 அன்று, 107-ஆம் வயதில் பெங்களூரில் காலமானார்.