ஃபைனைட் ஃபீல்டு மல்டிப்ளையர் ப்ராஜெக்டா? கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்

திருமானூரிலிருந்து அரியலூருக்கோ, கொள்ளிடப் பாலம் தாண்டித் தஞ்சாவூருக்கோ பஸ் பிடித்து ஈசிஇ படிக்கிறீர்களா? ஃபைனல் இயருக்கு இந்தத் தலைப்பை எடுத்திருந்தால் இன்றைக்கே லேப்டாப்பைத் திறங்கள். தலைப்பில் குறையில்லை. டீக்கடை கியூஆர் கோடு அழுக்கேறியும் ஸ்கேன் ஆவது இந்தக் கணக்கால்தான். பிள்ளைகள் மாட்டுவது வேறு இடங்களில்.

செய்ய வேண்டியவை

• பாலினோமியலை முதலில் முடிவு செய்யுங்கள். "8 பிட் ஃபீல்டு" என்று மட்டும் சொன்னால் போதாது. ஏஇஎஸ் குறியாக்கம் எடுப்பது 8, 4, 3, 1, 0 அடுக்குகள். கியூஆர் கோடு எடுப்பது 8, 4, 3, 2, 0. ஹெக்ஸில் 57-ஐயும் 83-ஐயும் பெருக்கிப் பாருங்கள். சி1 வந்தால் ஏஇஎஸ், 31 வந்தால் கியூஆர். இரண்டும் இல்லையென்றால் கோடில் பிழை, மேலே போகாதீர்கள்.

• 65,536 ஜோடிகளையும் சிமுலேஷனில் ஓட்டுங்கள். 8 பிட்டுக்கு மொத்தமே அவ்வளவுதான், நாலைந்து மட்டும் சோதிக்க என்ன அவசியம்?

• பெரிய எண்ணைத் துண்டு போட்டுப் பெருக்குங்கள். எலிப்டிக் கர்வ் குறியாக்கத்தில் வரும் 233 பிட்டை ஒரே கிளாக்கில் பெருக்க 54,289 ஆண்ட் கேட் வேண்டும். எட்டெட்டு பிட்டாக வெட்டினால் 1,864 போதும். கிளாக் 30 ஆகும்.

• பின்களை இன்றே எண்ணுங்கள். இரண்டு இன்புட், ஒரு அவுட்புட் என்று 233 பிட்டையும் நேரே வெளியே இழுத்தால் 699 பின். பேசிஸ் 3 போர்டில் உள்ள ஆர்டிக்ஸ்-7 சிப்பில் உங்களுக்குக் கிடைப்பது 106. ஷிஃப்ட் ரெஜிஸ்டர் வழியாக உள்ளே அனுப்புங்கள்.

• வேகத்தை ரூட்டிங் முடிந்த ரிப்போர்ட்டிலிருந்து எடுங்கள். அதற்கு முன் வருவது வெறும் மதிப்பீடு.

செய்யக்கூடாதவை

• ப்ராஜெக்ட் சென்டரில் ரெடிமேட் கோடு வாங்காதீர்கள். வைவாவில் "பாலினோமியலை மாற்றிக் காட்டுங்க" என்ற ஒரே கேள்வியில் குட்டு உடையும். போன காசு திரும்பாது.

• கரட்சுபா முறையில் 1 பிட் வரை பிரிக்காதீர்கள். நாலு பெருக்கல் மூன்றாகக் குறைவது உண்மை. ஆனால் சின்ன அளவில், கூடும் எக்ஸார் கேட்டுகளே அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

• பழைய பேப்பரின் லட் (லுக்-அப் டேபிள்) எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பெருமைப்படாதீர்கள். விர்டெக்ஸ்-4 லட்டுக்கு இன்புட் 4, ஆர்டிக்ஸ்-7 லட்டுக்கு 6. எண் குறைந்ததில் உங்கள் திறமை எவ்வளவு, சிப் எவ்வளவு?

• குறியாக்கச் சாவியின் பிட் 0 என்றால் அதற்கான சுற்றைத் தாண்டும்படி எழுதாதீர்கள். ஆகும் நேரத்தை அளந்தே சாவியை ஊகித்துவிடுவார்கள்.

• டிஎஸ்பி பிளாக்கை நம்பாதீர்கள். அது கேரியோடு பெருக்கும். இந்த பைனரி ஃபீல்டில் கேரியே கிடையாது.

• புதிய பாதுகாப்புக் கருவிக்கு 233 பிட் பைனரி கர்வ் என்று சொல்லாதீர்கள். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் பைனரி கர்வ்களை 2023-இலேயே ஓரங்கட்டிவிட்டது. கற்றுக்கொள்ள என்றால் தாராளமாகச் செய்யலாம். புதுசாகத்தான் வேண்டுமா? 2024-இல் வந்த எம்எல்-கெம் என்ற குறியாக்கத் தரத்துக்கு 3329 என்ற பகா எண்ணை எடுங்கள். அங்கே டிஎஸ்பி பிளாக்குக்கும் வேலை உண்டு.