கைத்தறி விற்பனையும் செயற்கை நுண்ணறிவுப் படக் கருவிகளும்

நமது நாட்டில் 35.22 இலட்சம் பேர் கைத்தறி நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் ஈடுபட்டுள்ளனர் என 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். முன்பு இவர்களின் துணி கண்காட்சிகளையும் கூட்டுறவு விற்பனை நிலையங்களையுமே பெரிதும் நம்பியிருந்தது. இன்றோ, வாங்குபவர் பலர் கைப்பேசியில் ஓடும் சில விநாடிப் படத்தைப் பார்த்தே சேலையைத் தேர்ந்தெடுக்கின்றனர். படக் குழுவை அமர்த்த வசதியில்லாத சங்கங்களுக்கு, எழுத்தில் கூறியதைப் படமாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒரு வாய்ப்பாகத் தோன்றுவது இயல்பே.

2024 பிப்ரவரியில் ஓபன்ஏஐ நிறுவனம் சோரா என்னும் கருவியை அறிவித்தது. 2025 மே மாதத்தில் கூகுள் நிறுவனம் வெளியிட்ட வியோ 3, படத்துடன் பேச்சையும் ஓசையையும் சேர்த்தே உருவாக்கியது. இத்துறையில் பெயர்களும் கட்டணங்களும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன. எனவே, எந்தக் கருவி சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த வேலையை அதனிடம் ஒப்படைக்கலாம் என்று முதலில் முடிவு செய்வதே பயனுள்ளது.

கருவி வேலை செய்யும் விதம்

இக்கருவிகள் படம் பிடிப்பதில்லை. எண்ணற்ற படங்களைக் கொண்டு பயிற்சி பெற்ற கணிப்பொறி அமைப்பு, ஒழுங்கற்ற புள்ளிக் கூட்டத்திலிருந்து தொடங்கி, கேட்ட காட்சிக்கு ஒத்த உருவத்தைப் படிப்படியாகத் தெளிவாக்குகிறது. கணக்கு வேலையைக் குறைப்பதற்காகப் படத்தைச் சுருக்கிய வடிவில் கையாளுவதால், நுண்ணிய விவரங்கள் எளிதில் சிதைகின்றன. விநாடிக்கு 24 சட்டங்கள் வீதம் எட்டு விநாடிப் படத்தில் 192 சட்டங்கள் உள்ளன. மலை அவற்றினிடையே சிறிது மாறினால் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. சேலைக் கரையின் புட்டா மாறினால் அது வேறு சேலையாகிவிடும்.

போச்சம்பள்ளி ஓர் எடுத்துக்காட்டு

தெலங்கானாவின் பூதான் போச்சம்பள்ளி இக்கத் துணிக்குப் பெயர் பெற்றது. இத்துணி புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இங்கு நெய்த துணிக்குச் சாயமேற்றுவதில்லை. நெய்வதற்கு முன்பே நூலை இடையிடையே கட்டிச் சாயத்தில் தோய்க்கின்றனர். அதனால் உருவங்களின் விளிம்பில் மெல்லிய கலங்கல் தோன்றும். அறிந்தவர்கள் அதனைக் கொண்டே அச்சிட்ட போலித் துணியிலிருந்து இதனைப் பிரித்தறிவர். கூர்மையான, தூய விளிம்புகளையே அழகு எனக் கற்ற கருவி இந்தக் கலங்கலைத் 'திருத்திவிட' வாய்ப்பு மிகுதி. அப்போது சங்கம் தன் செலவிலேயே போலித் துணிக்கு விளம்பரம் செய்ததாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. கட்டுவதற்கு முன் நூலை அரைவட்டமாக அமைந்த முளைகளில் மாற்றி மாற்றிச் சுற்றும் வேலைக்கு 'ஆசு' என்று பெயர். பெண்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை கையை வீசிச் செய்து வந்த வேலை இது. இதற்கென 1999இல் இயந்திரம் அமைத்த சிந்தகிந்தி மல்லேசத்திற்கு 2017இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 'இந்திய நெசவாளர்' என்று கேட்டால் கருவி ஏதோ ஒரு பொதுவான தறியைக் காட்டும், ஆசுவைக் காட்டாது. சேலையின் விலைக்கு நியாயம் கூறும் உழைப்பே படத்தில் இல்லாமற் போகிறது.

ஆகவே, துணி, தறி, நெய்பவர் ஆகிய மூன்றையும் கைப்பேசியிலாவது நேரில் படம் பிடிப்பதே முறை. வெட்டி ஒட்டுதல், பின்னணி இசை, எழுத்து, மொழிமாற்றம், திருவிழா வாழ்த்து போன்ற கற்பனைக் காட்சிகள் இவற்றிற்குக் கருவி போதும். இப்பிரிவினையை ஏற்றால் விலை உயர்ந்த படைப்புக் கருவி பல சங்கங்களுக்குத் தேவையே இராது. படத்தொகுப்பும் மொழிமாற்றமும் நன்கு செய்யும் எளிய கருவியே பொருந்தும்.

சோதித்து வாங்குதல்

ஒரே சேலையின் நிழற்படத்தையும் ஒரே வேண்டுகோளையும் இரண்டு மூன்று கருவிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். வந்த படத்தை விற்பனை அலுவலர் மட்டும் பார்த்தால் போதாது. அந்தச் சேலையை நெய்தவரே பார்க்க வேண்டும். பாவின் இடையே நாடா உரியபடி ஓடுகிறதா, கரை முதலிலிருந்து இறுதி வரை மாறாதிருக்கிறதா, நிறம் உண்மைத் துணியுடன் ஒத்திருக்கிறதா என்பதை அவர் ஒரு நோக்கிலேயே கூறிவிடுவார். மொழிமாற்றத்தில் தொழிற் சொற்களின் உச்சரிப்பைத் தனியே கேட்டுப் பார்த்தல் நன்று. நெசவாளரின் முகத்தையோ குரலையோ வேறு மொழியில் பேச வைப்பதானால், அவருடைய எழுத்து மூலமான ஒப்புதல் அவசியம்.

செலவைக் கணக்கிடும்போது உருவாக்கிய விநாடிகளை எண்ணாமல், பயன்படும் விநாடிகளை எண்ண வேண்டும். ஐந்து முயற்சியில் ஒன்றுதான் தேறுகிறதென்றால், எட்டு விநாடிப் படத்திற்கு நாற்பது விநாடிக் கட்டணம் ஆகிறது. இலவசத் திட்டங்கள் பலவற்றில் நிறுவன முத்திரை படத்தில் பதிந்திருக்கும். வணிகப் பயன்பாட்டிற்குத் தடையும் இருக்கலாம்.

சட்டத்தின் நிலை

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் விளம்பரத்திற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். தொடர்ந்து தவறினால் அது 50 இலட்சம் வரை உயரலாம். இயந்திரம் வரைந்த துணியைக் கைத்தறித் துணி எனக் காட்டுவது இந்த வரம்பிற்கு மிக அருகில் செல்லும் செயல். செயற்கையாக உருவாக்கிய படங்களுக்கு அடையாளக் குறிப்பு இடுவதும் 2026 பிப்ரவரியில் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளில் இடம்பெற்றுள்ளது. எனவே, அத்தகைய குறியைப் படத்துடனேயே பதித்துத் தரும் கருவிக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

புதிய வடிவங்களைப் பொறுத்தவரை மேலும் எச்சரிக்கை வேண்டும். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி, விண்ணப்பிப்பதற்கு முன்பே பொதுமக்களிடம் வெளியிடப்பட்ட வடிவம் புதுமையை இழந்து, பதிவு பெறும் தகுதியையும் இழக்கிறது. விளம்பரப் படம் வெளியாவதும் வெளியீடே. பதிவு பெறாத வடிவத்தின் நிழற்படத்தைக் கருவியில் ஏற்றுமுன், ஏற்றியவற்றைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதில்லை என்று நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் உறுதி கூறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டுச் சந்தா மலிவாகத் தோன்றினும், ஆகஸ்டு 7ஆம் நாளாகிய தேசியக் கைத்தறி நாளிலிருந்து தீபாவளி வரையிலான மாதங்களிலேயே விளம்பரத் தேவை மிகுதியாக உள்ள சங்கங்கள் மாதச் சந்தாவையே மேற்கொள்ளலாம். மாதம் முடியுமுன் படங்கள் அனைத்தையும் சங்கத்தின் கணிப்பொறியில் இறக்கிச் சேமித்துக்கொள்வது நல்லது; சந்தா நின்றபின் அவற்றைத் திரும்பப் பெற முடியாமற் போகலாம்.