நம்ம ஊர் நிலத்துக்கு யார் யார் பொறுப்பு?



ஒரு குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் கடன் கேட்டார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டதற்கு, "ரோட்டோரமா மனை போடுறாங்கக்கா. பொண்ணு பேருல ஒண்ணு வாங்கிப் போடலாம்னு இருக்கேன். பஞ்சாயத்து அப்ரூவல் இருக்காம்" என்றார். "பஞ்சாயத்து அப்ரூவல் மட்டுமா, டி.டி.சி.பி. அப்ரூவலும் இருக்கா?" என்று ஊக்குநர் திருப்பிக் கேட்டார். உறுப்பினருக்குப் பதில் தெரியவில்லை. நம்மில் பலருக்கும் தெரியாது. அதனால் இந்த மாதப் பாடம் இதுதான்.

1. மனை வாங்கும் முன்

வயலை மனைகளாகப் பிரித்து விற்க வேண்டுமானால் இரண்டு இடங்களில் அனுமதி வேண்டும். முதலில் நகர் ஊரமைப்புத் துறை வரைபடத்தைப் பார்த்து ஒப்புதல் தரும். இதைத்தான் டி.டி.சி.பி. அப்ரூவல் என்கிறோம். அதன் பிறகு ஊராட்சி இறுதி அனுமதி தரும். தலைவர் கையெழுத்தும் ஊராட்சி முத்திரையும் மட்டும் இருந்தால் அது முழு அனுமதி ஆகாது.

அனுமதி இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்வதற்கு 20.10.2016 முதல் சட்டத்தில் தடை இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பே ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். "அப்புறம் வாங்கித் தர்றோம்" என்றால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

2. வயலை மாற்றுவதற்கும் முறை உண்டு

"என் நிலம், நான் என்ன வேணா செய்வேன்" என்று சொல்ல முடியாது. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு தேவை. நஞ்சை நிலம் என்றால் மாவட்ட ஆட்சியர், வேளாண்மைத் துறை வரைக்கும் கேட்க வேண்டியிருக்கும். காரணம் நமக்கே தெரியும். நடு வயலில் ஒருவர் மண் கொட்டி மேடாக்கினால் வாய்க்கால் அடைபடும். கடைமடைக்காரர் பயிர் காயும், இல்லையென்றால் மழையில் அழுகும்.

3. பூங்கா இடம் நம் இடம்

மனைப்பிரிவில் விடும் சாலைகளை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய மனைப்பிரிவு என்றால் 10 சதவீத இடத்தைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், பணம் கட்டித் தப்பிக்க முடியாது, இடமாகவே தர வேண்டும். அது பிள்ளைகள் விளையாடும் இடம். வேலி போடாமல் விட்டால் நாலு வருடத்தில் யாரோ ஒருவர் வீடு கட்டிவிடுவார். அந்தப் பத்திரம் ஊராட்சியில் இருக்கிறதா என்று கேட்பது நம் உரிமை.

4. பழைய கோயில், பாறை, கல்வெட்டு

மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் ஊரில் இருந்தால், அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புது வீடு கட்டக் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட தனி அனுமதி வாங்க வேண்டும். 2010-இல் வந்த சட்டத் திருத்தம் இது. ஊராட்சி சரி சொன்னாலும் இது மாறாது. மாநிலத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களும் உண்டு.

குளம் தூர்வாரும்போது சிலையோ பழைய காசோ கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட வேண்டும்.

5. அரிட்டாபட்டி சொல்லும் பாடம்

மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் இருக்கிறது அரிட்டாபட்டி. அங்குள்ள மலையில் சமணர் படுக்கைகள், இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட தமிழி எழுத்துகள், பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் எல்லாம் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. தமிழ்நாட்டிலேயே முதலாவது அதுதான்.

2024 நவம்பரில், அந்த இடமும் சேர்ந்த பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட மத்திய அரசு ஏலம் விட்டது தெரிய வந்தது. 23.11.2024 அன்று நடந்த கிராம சபைகளில் அந்தப் பகுதி மக்கள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஆண்களும் பெண்களுமாக மதுரைக்கே ஊர்வலம் போனார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி ஏலம் ரத்தானது.

தீர்மானம் ஒன்றாலேயே எல்லாம் நடந்துவிடவில்லை. ஆனால் ஊர் என்ன சொல்கிறது என்பது எழுத்தில் பதிவானது.

6. கிராம சபையில் நாம்

நம்ம குழுவில் தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல் பணம் எடுக்க முடியுமா? முடியாது. ஊருக்கும் அப்படித்தான். வாயால் பேசியது காற்றோடு போகும், எழுதியதுதான் நிற்கும்.

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்தான். தலைவர் இருந்தாலும் சரி, தனி அலுவலர் இருந்தாலும் சரி, நாம் கேள்வி கேட்கலாம்.

• பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். சர்வே எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.
• தனியாகப் போகாதீர்கள். நாலு குழு சேர்ந்து போங்கள்.
• தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம்.
• நகல் கிடைக்காவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

மனை வாங்க நினைத்த அந்த உறுப்பினர் அடுத்த கூட்டத்துக்கு வந்து சொன்னார்: "நம்பர் கேட்டேங்க்கா. இன்னைக்கு நாளைக்குன்னு இழுக்குறாங்க. எனக்கு வேணாம்." குழுவின் பணமும் மிஞ்சியது, அவருடைய நிம்மதியும் மிஞ்சியது.

குழுவில் கலந்து பேச

1. நம் ஊரில் புதிதாகப் போட்ட மனைப்பிரிவுக்கு இரண்டு அனுமதியும் இருக்கிறதா?
2. அதில் பூங்காவுக்கு விட்ட இடம் எது? இப்போது எப்படி இருக்கிறது?
3. நம் ஊரில் காக்க வேண்டிய பழைய கோயில், குளம், பாறை எவை? அடுத்த கிராம சபையில் எதைப் பற்றிப் பேசப் போகிறோம்?