வண்ணப் படத்தை நம்பும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

மாத்திரைத் தொழிற்சாலையில் இமேஜிங் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ச்சி.

இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் 5 மில்லிகிராம் அம்லோடிபைன் மாத்திரையைப் பொடித்துக் கரைத்து எச்பிஎல்சி (திரவ நிறப்பிரிகை) கருவியில் ஏற்றினால், எவ்வளவு மருந்து இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். அது மாத்திரை முழுக்கப் பரவியிருந்ததா, ஓரிடத்தில் கட்டிதட்டியிருந்ததா என்பது பொடித்தவுடன் அழிந்துபோகும். அந்தத் தகவலைக் காப்பாற்றத்தான் என்ஐஆர் (அண்மை அகச்சிவப்பு) இமேஜிங். சாதாரண கேமராவுக்கு மருந்தும் செல்லுலோஸும் ஒரே வெள்ளை. என்ஐஆர் ஒளியை இரண்டும் வெவ்வேறாக உறிஞ்சுவதால் பிரித்துக் காட்டலாம்.

ஆனால் திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் மென்பொருள் கொடுத்த நிறங்கள். வண்ண அளவுகோலைச் சற்று நகர்த்தினால் சீரான மாத்திரையும் திட்டுத்திட்டாகத் தெரியும். இரண்டு பேட்ச்சை ஒப்பிடும்போது அளவுகோல் ஒன்றுதானா என்று முதலில் பார். என்ஐஆர் பெரும்பாலும் மேற்பரப்பையே பார்க்கிறது. உள்ளே பார்க்க மாத்திரையைச் சீவித்தான் ஆகவேண்டும்.

குடலில் கரையவேண்டிய மாத்திரைக்கு மேல்பூச்சுதான் உயிர். அதை அளக்க டெராஹெர்ட்ஸ் இமேஜிங் இருக்கிறது: பூச்சின் மேற்பரப்பிலும் அடியிலும் பட்டுத் திரும்பும் டெராஹெர்ட்ஸ் துடிப்புகளின் கால இடைவெளியிலிருந்து அதன் தடிமனைக் கணக்கிடுகிறோம். அந்தக் கணக்குக்குப் பூச்சின் ஒளிவிலகல் எண்ணை நாம்தான் கொடுக்கிறோம். அது தவறினால் எல்லாத் தடிமனும் தவறும், படம் மட்டும் அழகாகவே இருக்கும். சில மாத்திரைகளை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் அளந்து சரிபார்க்காமல் எந்த எண்ணிலும் கையெழுத்துப் போடாதே. மேல், கீழ் முகங்களோடு நின்றுவிடாமல் சுற்றுவிளிம்பையும் அள. பூச்சு மெலிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

உற்பத்தி லைனில் மாத்திரைகளின் தலை பெயரத் (கேப்பிங்) தொடங்கி, அங்குள்ள சோதனைக் கேமரா அவற்றை வரிசையாக ரிஜெக்ட் செய்தால், ரிஜெக்ட் லிமிட்டைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லி உற்பத்திப் பக்கமிருந்து கேட்பார்கள். சம்மதிக்காதே. சோதனையால் தரத்தைக் கொண்டுவர முடியாது, தயாரிக்கும்போதே வரவேண்டும் என்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அடிப்படையாகவே வைத்தது. கேமராவின் வேலை கழிப்பது. உன் வேலை, ஏன் கழிகிறது என்று கண்டுபிடிப்பது: மெஷினின் வேகம், பிரீ-கம்ப்ரெஷன் அழுத்தம், கிரானுல்ஸின் ஈரம், பஞ்ச் தேய்மானம்.

ரிஜெக்ட் எண்ணிக்கை ஏறத் தொடங்கியதுமே திரையை விட்டெழுந்து கம்ப்ரெஷன் அறைக்குப் போ, தம்பி. அங்கே மெஷின் ஓட்டுபவரிடம் முதலில் கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்