இமை விளிம்பில் ஒரு கோடு: கண் மை இடுவோர் அறிய வேண்டியவை

கண்ணுக்கு மை தீட்டுவதை நம் முன்னோர் ‘கண் எழுதுதல்’ என்றனர். மை தீட்டிய கண்ணைச் சங்கப் புலவர்கள் ‘உண்கண்’, அதாவது மையை உண்ட கண் என்று அழைத்தனர். திருக்குறளின் காமத்துப்பாலில் வரும் தலைவி ஒருத்தி, மை எழுதும் வேளையில் அந்தக் கோலைக் கண் காண்பதில்லை, அதுபோலக் காதலனை நேரில் கண்டவுடன் அவன் குற்றம் தனக்குப் புலப்படுவதில்லை என்கிறாள். காதலுக்காகச் சொல்லப்பட்ட அவ்வுவமை கண் மருத்துவத்துக்கும் பொருந்துகிறது. விழிக்கு மிக அருகில் வரும் பொருளை விழியால் தெளிவாகக் காண இயலாது. 40 வயதைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இது இன்னும் கடினம். ஆகவே இமையின் உள்விளிம்பில் மை இடும் கை, பார்வையை விடப் பழக்கத்தையே நம்பி இயங்குகிறது.

மை இடலாமா, கூடாதா என்று புறநோயாளர் பிரிவில் எங்களைக் கேட்போர் பலர். மணமகளின் தாயார் கேட்கிறார்; கண்புரை அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டவர் கேட்கிறார்; பேரக்குழந்தையைக் கையில் ஏந்திய பாட்டி கேட்கிறார். எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது. கோடு எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தே எங்கள் விடை அமைகிறது.

கண்ணாடி முன் நின்று கீழ் இமையை விரலால் மெல்லச் சற்றுக் கீழே இறக்கிப் பாருங்கள். முதலில் இமை மயிர்களின் வரிசை தெரியும். அதற்கு உட்புறமாக, விழியை ஒட்டி, ஈரமாக மின்னும் குறுகிய விளிம்பு ஒன்று இருக்கிறது. ‘காஜல்’ பென்சிலை நம் பெண்கள் வழக்கமாக இழுப்பது இவ்விளிம்பின் மேல்தான். பார்வைக்கு வெறும் ஓரமாகத் தோன்றும் இவ்விடத்தில் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாகத் திறந்துள்ளன. மேல் இமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை அவை உண்டு. 1666ஆம் ஆண்டில் இவற்றை விரிவாக விவரித்த செருமானிய மருத்துவர் மெய்போமின் பெயரால் மெய்போமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. நாம் இமைக்கும் ஒவ்வொரு முறையும் இவை கசியவிடும் நுண்ணிய எண்ணெய், கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, கண்ணீர் விரைவில் ஆவியாகாமல் காக்கிறது.

மைப் பென்சில் என்பது மெழுகும் எண்ணெயும் நிறப்பொடியும் சேர்ந்த கலவை. அதை நாள்தோறும் அவ்வாய்களின் மேல் அழுத்தித் தேய்த்தால் அவற்றிற் சில அடைபடலாம். அடைபட்ட சுரப்பி வீங்கி இமைக்கட்டியாக மாறுவதுண்டு. கட்டி எழாவிட்டாலும் எண்ணெய் குறைந்து கண் உலர்ந்து, மாலையில் மணல் விழுந்தது போல உறுத்தும். கண்ணில் நீர் வழிகிறதே, இதை எப்படி உலர்கண் என்கிறீர்கள் என்று நோயாளிகள் வியப்பார்கள். உலர்ந்து எரிச்சலுற்ற கண், அந்த எரிச்சலின் காரணமாகவே நீரை மிகுதியாகச் சுரக்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைத் தூசியிலும், பூந்தமல்லி நெடுஞ்சாலைப் புழுதியிலும், நாள் முழுதும் குளிரூட்டிய அறையில் கணினித் திரை முன்னும் பணிபுரிவோருக்கு ஏற்கெனவே கண் வறண்டிருக்கும். அவர்கள் உள்விளிம்பில் மை இடுவது அந்த வறட்சியைக் கூட்டும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டனர். மையில் மின்னும் துகள்கள் கலந்து, அவை கண்ணீருக்குள் எவ்வாறு நகர்கின்றன என்று படமெடுத்தனர். இமை மயிருக்கு வெளிப்புறம் இட்டதை விட உட்புறம் இட்டபோது 15 முதல் 30 விழுக்காடு வரை கூடுதலான துகள்கள் கண்ணீரில் கலந்தன. கலந்த வேகமும் அதிகம். ஆய்வில் பங்கேற்றவர்கள் மிகச் சிலரே எனினும், நாங்கள் அன்றாடம் விளக்கொளியில் காண்பதும் அதுவே. கண்ணீரில் மிதக்கும் கறுப்புத் துகள்கள் சாதாரணமாகக் கண்ணீரோடு வெளியேறிவிடும். கான்டாக்ட் லென்ஸ் அணிவோர்க்கு அவை லென்ஸின் மேல் படிந்து பார்வையை மங்கச் செய்யும். கிருமி தங்கவும் இடம் தரும். லென்ஸ் அணிவோர் முதலில் லென்ஸை இட்டுப் பின்னர் மை தீட்ட வேண்டும். இரவில் முதலில் லென்ஸைக் கழற்றிப் பின்னர் மையைத் துடைக்க வேண்டும்.

அப்படியென்றால் அழகு? அதையும் பேசவே இக்கட்டுரை. மையை இமை மயிரின் வேர்களுக்கு இடையே, வெளிப்புறமாக, சிறு சிறு புள்ளிகளாக வைத்து, பிறகு பஞ்சு முனையால் அவற்றை ஒன்றாக இணைத்துப் பாருங்கள். எதிரில் அமர்ந்து பேசுபவருக்கு உள்விளிம்புக் கோட்டுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. இன்னொரு செய்தியும் உண்டு. மேலும் கீழும் உள்விளிம்பு முழுவதும் கறுப்பாக்கினால் சிறிய கண் மேலும் சிறிதாகத் தோன்றும். கண் பெரிதாகத் தோன்றவே மை இடுகிறோம் என்போர் பலர் உண்மையில் எதிர்ப்பலனைப் பெறுகிறார்கள். மேல் இமைக்கு மட்டும் கோடிட்டு, கீழ் இமையை வெறுமையாக விடுதலோ, கடைக்கண் பக்கம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு தீட்டுதலோ கண்ணைத் திறந்து காட்டும். கிட்டப்பார்வைக்கான கண்ணாடி, கண்ணைச் சிறிதாக்கிக் காட்டும் இயல்புடையது. அதை அணிவோர் கீழ் விளிம்பைக் கறுப்பாக்காமல் விடுவதே பொலிவு. வெள்ளெழுத்துக் கண்ணாடி கண்ணைப் பெரிதாக்குவதால் கோணிய கோடும் பெரிதாகவே தெரியும். மெல்லிய கோடு போதும்.

திருமணம், நாட்டிய அரங்கேற்றம் போன்ற நாட்களில் உள்விளிம்பில் இட்டே தீர வேண்டும் என்போரை நாங்கள் தடுப்பதில்லை. சில முறைகளை மட்டும் வலியுறுத்துகிறோம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பென்சிலைச் சீவி, பழைய முனையை நீக்குங்கள். சீவிய கூர்மையை டிஷ்யூ தாளில் தேய்த்து மழுக்குங்கள். எச்சில் தொட்டு முனையை ஈரமாக்கும் பழக்கம் இன்னும் உள்ளது. வாயின் கிருமிகளை நேராகக் கண்ணில் இடுவதற்கு அது ஒப்பாகும். தீக்குச்சியில் முனையைச் சூடாக்குவதும் வேண்டாம். முகூர்த்த நாட்களில் ஒரே பென்சில் மணமகளிடமிருந்து தங்கைக்கும் தோழிக்கும் செல்வதைக் காண்கிறோம். ஒப்பனைக் கலைஞரை அமர்த்துவோர், உங்கள் பென்சிலை நீங்களே கொண்டு செல்லுங்கள். அதில் தவறாக நினைக்க ஒன்றுமில்லை. ‘மெட்ராஸ் ஐ’ பரவும் காலத்தில் இது இன்றியமையாதது. அந்நோய் கண்டவர் குணமாகும் வரை மை தீட்டலாகாது; நோயின்போது பயன்படுத்திய மையையும் எறிந்துவிட வேண்டும். கண்ணுக்கான ஒப்பனைப் பொருள்களை மூன்று மாதத்தில் மாற்றிவிடுமாறு அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் அறிவுறுத்துகிறது. ஓடும் புறநகர் ரயிலில், ஆவடிக்கும் வில்லிவாக்கத்துக்கும் இடையே ஒப்பனையை முடிக்கும் திறமையை நாங்கள் வியக்கிறோம். ஆயினும் ஒரு குலுக்கலில் கருவிழி கீறப்படலாம். நிலையத்தில் இறங்கித் தீட்டுங்கள்.

இரவு உறங்கும் முன் மையைத் துடைத்தே ஆக வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய இமை மேல் சில நிமிடம் வைத்தால் மெழுகு இளகும். பின்னர் மூக்கிலிருந்து வெளிப்புறமாக, அழுத்தாமல் துடைக்கலாம்.

இனி நோயாளிகளுக்கு. கண் அறுவை செய்துகொள்வோர் சில நாட்களுக்கு முன்பே மை இடுவதை நிறுத்திவிட வேண்டும். மயிர்க்கால்களில் தங்கிய மை ஒரே கழுவலில் போவதில்லை. அறுவைக்குப் பின் பொதுவாக நான்கு வாரங்களாவது பொறுத்து, மருத்துவர் இசைவு தந்த பிறகே தொடங்கலாம். சொட்டு மருந்து இடுவோர், மருந்திட்டுக் கால் மணி நேரம் கழித்து மை தீட்டுக. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்க்கு இமைக்கட்டி திரும்பத் திரும்ப வரக்கூடும். உள்விளிம்பை அவர்கள் முற்றிலும் தவிர்ப்பது நல்லது. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ளும் பெண்களில் சிலர் இமை மயிரை இழந்து, கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் மையை மறுப்பதில்லை. மயிர் இருந்த இடத்தில், புதிய மென்மையான பென்சிலால், வெளிப்புறமாக நெருக்கமான புள்ளிகளை வைத்தால் முகம் பழைய முகமாகத் தோன்றும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உடனிருந்து பராமரிப்போர் கையால் இதைத் தீட்டிவிடுவது நோயாளிக்கு எளிது. அப்போது கண்ணை மூடியிருக்கச் சொல்லுங்கள்.

குழந்தைகளின் செய்தி வேறு. பிறந்த குழந்தையின் கண்ணுக்குள் மை இடுவதை நாங்கள் உறுதியாக வேண்டாம் என்கிறோம். மையால் கண் பெரிதாவதில்லை. கண்ணின் அளவு பிறப்பியல்பு. கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்த திரியை விளக்கெண்ணெயில் எரித்து வீட்டில் எடுக்கும் கரியில் பொதுவாக ஈயம் சேர்ப்பதில்லை. எனினும் அது கிருமி நீக்கப்பட்டதன்று. கல்லைப் பொடித்துச் செய்யும் சுர்மாவோ மிகுந்த கவலைக்குரியது. அக்கல் பெரும்பாலும் ஈய சல்பைடு. நம் நாட்டில் நிறத்துக்காக ஈயச் சேர்மங்களை ஒப்பனைப் பொருள்களில் சேர்ப்பதைச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் உறையில் உட்பொருள் விவரமின்றிச் சிறு புட்டிகளில் விற்கப்படுவனவற்றுக்கு எவ்வித உறுதியும் இல்லை. கண்ணில் இட்ட சொட்டு மருந்து தொண்டையில் கசப்பதை அறிவீர்கள். கண்ணையும் மூக்கையும் இணைக்கும் அதே குழாய் வழியே மையும் உள்ளே இறங்கும். கண்ணைக் கசக்கிய குழந்தையின் கை அடுத்து வாய்க்குத்தான் போகிறது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அது வளரும் மூளையைப் பாதிக்கிறது.

கண்ணேறு கழிய வேண்டும் என்று விரும்பும் பாட்டிமாரோடு நாங்கள் வாதிடுவதில்லை. ஜவ்வரிசியைக் கருக்கிக் காய்ச்சிய பொட்டு மையை உள்ளங்காலில் வைக்கலாம். கன்னத்தில் வைத்தால் பிஞ்சுக் கை அதை அழித்துக் கண்ணுக்கும் வாய்க்கும் கொண்டுபோகும்.

மை தீட்டும்போது முனை கண்ணில் குத்திவிட்டால் கசக்காதீர்கள். சுத்தமான குடிநீரால் கழுவுங்கள். வீட்டில் மீந்திருக்கும் பழைய சொட்டு மருந்தை இடாதீர்கள். வலியோ, கூச்சமோ, பார்வை மங்கலோ இருந்தால் மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றே வாருங்கள். லென்ஸ் அணிபவராயின் அதைக் கழற்றி அதன் பெட்டியில் இட்டு, பயன்படுத்திய மைப் பென்சிலையும் உடன் கொண்டு வாருங்கள்.