ஐந்தருவியும் ஐந்து கம்ப்யூட்டரும்

செல்போனில் கேள்வி கேட்டா ஏ.ஐ. பதில் சொல்லுதே, அது எங்கே இருந்து சொல்லுது தெரியுமா?

நம்ம தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கும் ஜோஹோ கம்பெனி, 2025 ஜூலையில் ‘ஜியா’ என்ற சொந்த மொழி மாடலை அறிவித்தது. அதில் 130 கோடி, 260 கோடி, 700 கோடி எண்கள் என்று மூன்று அளவு. (மாடல் படித்ததெல்லாம் அதற்குள் எண்களாகத்தான் இருக்கும்.) அதை ஓட்டுவது சொந்த டேட்டா சென்டரில். கடைக் கணக்கு, சம்பள விவரம் எல்லாம் வெளியாள் மெஷினுக்குப் போகாமல் இருக்க இதுதான் வழி. ஆனா மெஷினை நாமேதான் கட்டி மேய்க்கணும்!

ஓர் எண்ணுக்கு 2 பைட் வைத்தால் 700 கோடிக்கு 14 ஜிபி. 80 ஜிபி நினைவகம் உள்ள ஒரு ஜி.பி.யூ. கார்டில் தாராளமாக அடங்கும். 7,000 கோடி எண் என்றால் 140 ஜிபி, இரண்டு கார்டில் பிரிக்கணும். பிரித்த கார்டுகள் ஒவ்வொரு வார்த்தைக்கும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அதனால் ஒரே பெட்டிக்குள் இருப்பதுதான் நல்லது. வேறு வேறு பெட்டியில் வைத்து சாதா வயரில் இணைத்தால் பதில் ஆமையாக ஊரும். அதைவிட ஒவ்வொரு பெட்டியிலும் முழு மாடலின் நகலை வைக்கலாம்.

இப்போ குற்றாலம் சீசனை நினைங்க. எல்லாரும் மெயின் அருவியில் நின்றால் என்ன ஆகும்? போலீஸ்காரர் பிரித்து விடுவார். இங்கேயும் முன்னால் ஒரு கம்ப்யூட்டர் நின்று கேள்விகளைப் பிரித்து விடும். வரிசைப்படி கொடுத்தா சரிவராது. ஒருத்தர் இரண்டு வரி கேட்பார், இன்னொருத்தர் பத்துப் பக்கம் கொடுப்பார். எது சும்மா இருக்கோ அதுக்குத்தான் அனுப்பணும். இன்னொன்று, நாம் முதலில் பேசியதன் குறிப்பு ஒரு மெஷினில் இருக்கும். துணிமணியை வைத்த அருவிக்கே திரும்பிப் போவது மாதிரி, அடுத்த கேள்வியும் அங்கேயே போனால் வேகம்.

முன்னால் நிற்கும் கம்ப்யூட்டர் சில விநாடிக்கு ஒருமுறை “இருக்கியா?” என்று எல்லா மெஷினையும் கேட்கும். பதில் வராவிட்டால் அதுக்கு ஆள் அனுப்பாது. ஐந்தும் 80 சதவீதம் வேலை செய்யும்போது ஒன்று நின்றால், 5 × 80 = 400, மீதி நாலும் முழுசாக 100. அதுக்கு மேல் ஏற்றியிருந்தால் நாலும் திணறிப்போகும்.

ஆறு மெஷின் இருந்தா எத்தனை சதவீதம் வரை ஏற்றலாம்? விடையைக் கீழே பென்சிலில் எழுதுங்க.