பிரமாதம் என்னும் சொல்

"சமையல் பிரமாதம்", "கட்டடம் பிரமாதம்" என்று நாம் நாள்தோறும் பாராட்டுகிறோம். நம் சமய நூல்களில் இச்சொல்லுக்குப் பாராட்டுப் பொருள் கிடையாது. பிரமாதம் என்பது விழிப்பின்மை. கவனிக்க வேண்டியதைக் கவனியாது சோர்ந்திருத்தல். மித்தியாத்துவம், அவிரதி, பிரமாதம், கஷாயம், யோகம் என வினைக்கட்டுக்குக் கூறப்படும் ஐந்து காரணங்களுள் நடுவில் நிற்பது அதுவே. இவ்வைந்தையும் நம் சிறுவர்க்கு மனப்பாடம் செய்விக்கிறோம். அவ்வாறு மனப்பாடம் செய்த பிள்ளை பொறியியல் கல்லூரிக்குச் சென்றபின் அச்சொல்லை எங்கே சந்திக்கிறான் என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

கூரத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த மாணவர் ஒருவர் கட்டடப் பொறியியல் மூன்றாம் ஆண்டு பயில்கிறார். அவர் என்னிடம் இவ்வாறு கேட்டார்: "டீச்சர், நான் இரவில் உண்பதில்லை; எறும்பையும் மிதிப்பதில்லை. நாளை நான் செய்யப்போவதோ சிமெண்ட், கம்பி, கணக்கு. இதில் ஹிம்சை எங்கே வருகிறது?" தம் குறிக்கோள்களையும் ஒளிவின்றிக் கூறினார். வளாக நேர்காணலில் ஒரு வேலை. கல்விக் கடனை அடைத்தல். பெற்றோருக்கு மழையில் ஒழுகாத ஒரு வீடு. இவற்றை உலகியல் ஆசை என்று ஒதுக்க நான் உடன்படவில்லை. இல்லறத்தானுக்குப் பொருளீட்டல் கடமை. நெறி தவறாது ஈட்டுக என்பதே நம் சமயத்தின் விதி. ஆகவே அவருடைய வினாவுக்கு மட்டும் விடை தேடுவோம்.

இல்லறத்தார்பால் நிகழும் ஹிம்சையை நம் முன்னோர் நான்காக வகுத்தனர். கருதிச் செய்வது சங்கல்பி. சமையல் முதலிய வீட்டுப் பணிகளில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை முற்றும் விலக்க வேண்டும்; ஏனையவற்றை இயன்ற மட்டும் குறைக்க வேண்டும். (பட்டு நெய்யும் காஞ்சிக்கு அருகில் இருந்துகொண்டு உத்யோகி ஹிம்சையைப் பேசுகிறோமே என்று அம்மாணவர் இடைமறித்தார். நியாயமான வினா, ஆனால் அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.)

மண்ணைத் தோண்டாமல் அடித்தளம் அமையாது. ஆதலின் பொறியாளரின் தொழில் மூன்றாம் வகையில் அடங்கும் என்று பலர் அத்துடன் நிறுத்திவிடுகின்றனர். அங்கே நிறுத்தலாகாது. தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சையை வரையறுக்கும் உமாசுவாமி, உயிர் போக்குதலைச் சொல்வதற்கு முன்னரே பிரமாதத்தைக் குறிப்பிடுகிறார். அமிர்தசந்திராசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனை மேலும் விளக்குகிறார். விழிப்போடு நடந்தவரால் தற்செயலாக ஓர் உயிர் மாய்ந்தாலும் அவர் ஹிம்சைக்கு உரியவராகார். விழிப்பின்றி நடந்தவரோ ஓர் உயிரும் மாயாதபோதும் உரியவராகிறார். இதன்படி நோக்கினால், "கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை" என்னும் விடை பொறியாளருக்குப் போதாது.

தொலைவில் சென்று சான்று தேட வேண்டியதில்லை. 2014 ஜூன் 28 அன்று மாலை, அந்நாளில் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று மழையின்போது சரிந்து விழுந்தது. 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஆந்திரம், ஒடிசா, தமிழகத்தின் பிற மாவட்டங்கள் ஆகியவற்றிலிருந்து கூலி வேலைக்கு வந்த எளியவர்கள். இடியும் மின்னலுமே காரணம் என்று முதலில் பேசப்பட்டது. நீதிபதி ரகுபதி தலைமையில் அமைந்த விசாரணை ஆணையமோ வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் இருந்த குறைகளைச் சுட்டியது. அருகில் நின்ற இணைக் கட்டடமும் 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அங்கே எவரும் எவரையும் கொல்லக் கருதியிருக்க மாட்டார்கள். சங்கல்பி ஹிம்சை இல்லை. ஆயினும் 61 உயிர்கள் போயின.

இதனைக் கேட்டபின் அம்மாணவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர்த் தாமாகவே ஒன்றைக் கூறினார். வகுப்பில் ஆய்வகப் பதிவேட்டை எழுதும்போது, சென்ற ஆண்டு மாணவர்களின் அளவுகளைப் பார்த்து எழுதிவிடுவது வழக்கமாம். கான்கிரீட் கட்டியை 28 நாள் நீரில் பதப்படுத்திப் பின்னர் நசுக்கிப் பார்க்க வேண்டும் என்பது முறை. கட்டி நசுங்குவதற்கு முன்பே விடை ஏட்டில் ஏறிவிடுகிறது! அறநெறி பற்றிய பாடமும் அவர்களுக்கு உண்டு; அதனையும் தேர்வுக்கு முதல் நாள் இரவு படிப்பார்களாம். ஆசிரியப் பயிற்சியில் மாணவரின் பிழையை விட மாணவரின் பழக்கத்தைக் கவனிக்குமாறு எங்களுக்குக் கற்பித்தனர். பிழை ஒரு நாளில் திருந்தும். பாராத அளவைப் பார்த்ததாக எழுதும் கை பத்தாண்டு கழித்துக் கட்டடச் சான்றிதழில் கையொப்பமிடும். பிரமாதம் தொடங்கும் இடம் மௌலிவாக்கம் அன்று, ஆய்வகம்.

மாணவரின் விழிப்பு எவ்வளவு பயன்தரும் என்பதற்கு அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்று உண்டு. நியூயார்க் நகரில் 1977-இல் கட்டி முடிக்கப்பட்ட 59 மாடி சிட்டிகார்ப் கோபுரத்தின் பெருந்தூண்கள் மூலைகளில் இல்லாமல் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் நிற்கின்றன. மறு ஆண்டு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவி டயான் ஹார்ட்லி இக்கோபுரத்தைப் பற்றிய ஆய்வேட்டுக்காக, மூலைவாட்டில் வீசும் காற்றுக்குரிய கணக்கு எங்கே என்று பொறியாளர் அலுவலகத்தில் கேட்டார். கட்டடம் உறுதியானது என்றே அவருக்கு விடை கிடைத்தது. வடிவமைத்த பொறியாளர் வில்லியம் லெமெசூரியர், மாணவர் ஒருவர் எழுப்பிய வினாவே தம்மை மீண்டும் கணக்கிடத் தூண்டியதாகப் பின்னாளில் கூறினார். கணக்கிட்டபோது, பற்றவைப்புக்குப் பதிலாகத் திருகாணிகளால் இணைத்த மூட்டுகள் பெரும்புயலைத் தாங்கா என்று கண்டார். உரிமையாளரிடம் தாமே சென்று உரைத்தார். 1978-இல் இரவு இரவாக இரும்புத் தகடுகள் பற்றவைக்கப்பட்டன. தம் பிழையைத் தாமே வெளியிட்டது பெரிது. ஆனால் சுற்றிலும் குடியிருந்த மக்களுக்கு இச்செய்தி 1995 வரை சொல்லப்படவில்லை. சத்திய விரதத்தை அறிந்த நாம் அதனைப் போற்ற இயலாது.

"டீச்சர், நாளை மேலதிகாரி கையொப்பமிடச் சொன்னால்? கடன் தவணை இருக்குமே?" என்றும் அவர் கேட்டார். எளிதான விடையைச் சொல்லி ஒரு பிள்ளையை ஏமாற்றக் கூடாது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் கட்டடப் பொறியியல் பயின்ற சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் கண்ட முறைகேடுகளை 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தம் பெயரை வெளியிட வேண்டா என்றும் வேண்டினார். பெயர் காக்கப்படவில்லை. 2003 நவம்பர் 27 அன்று கயா நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியில் நேர்ந்த கொலை என்பது புலனாய்வின் முடிவு. அதில் ஐயம் கொண்டோரும் உண்டு. அதன் பின்னரே, முறையீடு செய்பவரின் பெயரை மறைத்து விசாரிக்கும் பொறுப்பு 2004-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அளிக்கப்பட்டது. ஆகவே நான் அவருக்குச் சொன்னவை சிறியன: ஐயத்தை வாய்மொழியாக விடாதே, எழுத்தில் கேள், நகலை வைத்துக்கொள், தனியாக நில்லாதே, மூத்த பொறியாளர் ஒருவரையேனும் உடன் சேர்த்துக்கொள், முதல் சம்பளம் முதல் சில மாதச் செலவுக்குரிய பணத்தைத் தனியே சேர்த்து வை. கையில் சிறிது சேமிப்பு உள்ளவனுக்கே "மாட்டேன்" என்று சொல்லும் துணிவு எளிதில் வரும். பரிக்கிரக பரிமாணம் என நம் சமயம் வகுத்த விரதத்துக்கு, தேவையைச் சுருக்குவதால் அஞ்சாமல் வாழலாம் என்னும் இப்பயனும் உண்டு.

நம் ஊரின் பழைய பொறியியலும் நினைவுக்கு வருகிறது. கூரத்துச் செப்பேடு ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்தது; பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணர வெட்டிய பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் அது குறிக்கிறது. நம் மாவட்டத்து உத்திரமேரூரில் ஏரிகளைக் காக்க ஏரி வாரியம் இருந்தது. பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்தில் இடம்பெறலாகாது என்று முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு விதிக்கிறது. ஏரியைக் கட்டுவதோடு கடமை முடியவில்லை, கணக்கும் கேட்கப்பட்டது.

பொறியியல் பயிலும் பிள்ளைகள் விடுமுறையில் செய்யத்தக்க பயிற்சி ஒன்றைக் கூறுகிறேன். தம் ஊர் ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். கலங்கல் என்னும் மிகைநீர்ப் போக்கி, கரையின் மேல்மட்டத்தை விட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று நாடாவால் அளந்து குறியுங்கள். அந்த இடைவெளி ஏன் விடப்பட்டது? அதனைச் சிறிதாக்கினால் ஏரியில் எவ்வளவு நீர் கூடும், கரைக்கு என்ன நேரும்? அடுத்து, உங்கள் பாடநூலில் கான்கிரீட்டுக்கு 1.5 என்றும் கம்பிக்கு 1.15 என்றும் வெவ்வேறு பாதுகாப்புக் காரணிகள் தரப்பட்டிருப்பது எதனால்? விடைகளைப் பெற்றோர்க்கு விளங்கும் தமிழில், நீங்களே அளந்த எண்களோடு எழுதுங்கள்.